அத்தை சொல்லவில்லை

2019 ஜூன் மாதம். கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றங்கள் திறந்த முதல் வாரம். மாலை ஆறரை மணி இருக்கும். மதுரை கே.கே. நகரில் உள்ள என் அலுவலகத்துக்கு முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர். திருமணமாகி நான்கு ஆண்டுகள். உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எல்லாம் இதுல இருக்கு மேடம். நீங்க பெருசா வாதாடக்கூட வேண்டாம். ஜட்ஜ் முன்னாடி இதைப் போட்டுக் காட்டினாப் போதும்."

குடும்ப நல வழக்குகளில் எனக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் உண்டு. தொடக்கத்தில் கட்சிக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை, சீர்வரிசைப் பட்டியல், மடித்து மடித்துக் கிழிந்துபோன கடிதங்கள் ஆகியவற்றை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வருவார்கள். பிறகு தொலைபேசிக் கட்டண ரசீதுகள் வந்தன, அதன்பின் குறுஞ்செய்திகளின் நகல்கள். ஒரு பெண்ணின் மூன்று மாத வாழ்க்கை முழுவதும் கட்டைவிரல் அளவுக்கு என் மேசைக்கு வந்தது அன்றுதான் முதல்முறை.

இந்த வழக்கைப் பற்றி எழுதலாமா என்று கணவர், மனைவி இருவரிடமும் கேட்டு, சம்மதம் பெற்றுத்தான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி தொழிலையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்களைக் கேட்காமல் இதை எழுதியிருந்தால், இந்தக் கட்டுரை எதைக் கண்டிக்கிறதோ அதையே நானும் செய்தவளாவேன்.

வந்தவர் அன்றே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தின் தேதி பின்னால் முக்கியமாகப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். உடன் வேலை பார்க்கும் ஒருவரோடு தொடர்பு இருக்கிறது என்பது கணவரின் சந்தேகம். திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனால் இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்துக்கு அது இன்னும் ஒரு காரணம்தான். அந்தக் காரணத்தை நிரூபிக்கத்தான் பென் டிரைவ்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டேன்.

கல்யாண நாளுக்கு மனைவிக்குப் புது செல்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொடுப்பதற்கு முன்பே மொபைல் கடைப் பையனிடம் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து அதில் ஒரு செயலியைப் போட்டு வாங்கியிருக்கிறார். பிள்ளைகளைக் கண்காணிக்க என்று சொல்லி விற்கப்படுகிற செயலி. போனைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் செலவழித்தால் போதும், உள்ளே இறங்கிவிடும். அதன் சின்னம் திரையில் தெரியாது. வருகிற செய்தி, போகிற செய்தி, இருக்கிற இடம், பேசுகிற பேச்சு அத்தனையும் எங்கோ இருக்கிற ஒரு சர்வருக்குப் போகும். பணம் கட்டியவர் கடவுச்சொல் போட்டு எந்த நேரமும் பார்த்துக்கொள்ளலாம்.

அன்றிரவு எல்லோரும் போன பிறகு பென் டிரைவைத் திறந்தேன். கணக்கு எழுதுகிறவர் அல்லவா, எல்லாவற்றையும் ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தார். செய்திகளுக்கு ஒரு கோப்புறை, இடங்களுக்கு ஒன்று, ஒலிப்பதிவுகளுக்கு ஒன்று. அந்த உடன் பணியாளருக்குப் போன செய்திகளை மட்டும் மஞ்சள் நிறத்தில் குறித்திருந்தார். 41 செய்திகள். பெரும்பாலானவை ஷிப்டை மாற்றிக்கொள்வது பற்றியவை. சில, சாப்பிட்டாயா என்ற விசாரிப்புகள். ஒன்றில் மட்டும், "உங்ககிட்ட பேசினா மனசு லேசாகுது" என்று இருந்தது. அவருடைய வழக்கு மொத்தமும் அந்த ஒரு வரியில் நின்றது.

41 செய்திகளைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். நான் இரண்டு மணி நேரம் படித்தேன். வழக்குக்குத் தேவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. ஒரு பெண் தன் அக்காவிடம் மட்டும் சொன்னதை, முன்பின் பார்த்திராத நான், அவளுக்குத் தெரியாமல் வரிவரியாகப் படித்தேன். அந்தத் தவறை இன்றுவரை நான் மறக்கவில்லை.

அக்காவுக்கு எழுதிய செய்திகளில்தான் அந்தக் குடும்பத்தின் கதை இருந்தது. முந்தைய ஆண்டு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்திருக்கிறது. அன்று கணவர் தன்கூட உட்கார்ந்து அழுதிருந்தால் தானும் அழுது முடித்திருப்பேன் என்றும், அவர் கடைக் கணக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்றும் எழுதியிருந்தார். அதற்குப் பிந்தைய செய்திகளில் புதிதாக ஒரு குழப்பம் தலைகாட்டுகிறது. "நேத்து நான் தனியா டாக்டரைப் பாக்கப் போனது அவருக்கு எப்படிக்கா தெரிஞ்சது? நான் யார்கிட்டயும் சொல்லல. அத்தைதான் பாத்துட்டு சொல்லியிருக்கணும்." இரண்டு வாரம் கழித்து: "அப்பாவுக்குப் பணம் அனுப்பினதும் தெரிஞ்சுபோச்சு. இனிமே அத்தை முன்னாடி போன்கூடப் பேச மாட்டேன்." அதற்கும் பிறகு: "அத்தைகிட்ட பேசி மூணு வாரம் ஆச்சு. என்னன்னு கேக்கறாங்க. எதுவும் தெரியாத மாதிரி கேக்கறாங்கக்கா."

கரு கலைந்த மாதத்தில் பத்தியம் பார்த்துச் சமைத்துப்போட்டு, தலைபின்னிவிட்டு, ராத்திரி பக்கத்திலேயே படுத்துக்கொண்டது அந்த மாமியார்தான் என்பதும் அதே செய்திகளில் இருந்தது.

சனிக்கிழமை கணவர் மறுபடி வந்தார். எனக்கு முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான். "அந்த ஆப் இன்னும் ஓடுதா தம்பி?"

"ஓடிட்டுதான் இருக்கு மேடம். இப்பவே பாக்கலாம்." போனைத் திருப்பிக் காட்டினார். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி, பெரியார் பேருந்து நிலையப் பகுதியிலிருந்து வடக்கே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற ஒரு பெண். இரண்டு பேர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வழக்கறிஞரின் சிக்கலை இந்த இடத்தில் விளக்கியாக வேண்டும். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது. இந்திய சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு போட்ட கட்டு அது. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 132-ஆவது பிரிவு. இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் வக்கீலிடம் உண்மை பேச மாட்டார்கள். ஆனால் அந்தப் பிரிவிலேயே விதிவிலக்கும் உண்டு. வக்கீலாக அமர்த்தப்பட்ட பிறகு ஒரு குற்றம் நடப்பதை அவரே கண்டறிந்தால், அந்த உண்மைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இது குற்றமா? 2013-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 354டி பிரிவு, பெண்ணைப் பின்தொடர்வதைக் குற்றமாக்கியது. தெருவில் பின்னால் போவதோடு அது நிற்கவில்லை. ஒரு பெண் இணையத்தையும் மின்னணுத் தகவல்தொடர்பையும் பயன்படுத்துவதைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். கணவருக்கு விலக்கு என்று அதில் எழுதப்படவில்லை. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதையின் 78-ஆவது பிரிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவும், ஒருவர் பொறுப்பில் இருக்கும் கணினியில் அவர் அனுமதியின்றித் தரவை எடுப்பதைத் தவறு என்கிறது. செல்போனும் சட்டத்தின் கண்ணில் கணினிதான். வக்காலத்தில் அவர் கையெழுத்திட்ட தேதிக்குப் பிறகும், என் கண்முன்னே, அந்த நீலப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது.

அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "போன் வாங்கினது நான் மேடம். பில்லு என் பேர்ல இருக்கு. என் பொண்டாட்டி. என் வீடு. இதுல என்ன தப்பு?"

"கொடுத்த பிறகு அது அவங்க போன். பில்லு யார் பேர்ல இருந்தாலும், அவங்க அக்காகிட்ட பேசுற பேச்சு உங்க பேர்ல இல்லை."

அடுத்து அவர் கேட்டது நியாயமான கேள்வி. "கோர்ட்டு இதை ஏத்துக்குமா, ஏத்துக்காதா? அதை மட்டும் சொல்லுங்க."

ஏற்கக்கூடும் என்பதுதான் நேர்மையான பதில். சாட்சியம் எந்த வழியில் கிடைத்தது என்பதைவிட, அது வழக்குக்குத் தொடர்புடையதா என்பதைத்தான் நம் சட்டம் பார்க்கிறது. 1972-இல் மல்கானி வழக்கிலேயே, தொலைபேசிப் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்த நாடாவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு இன்னும் தாராளமானது. வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதினால், சாட்சியச் சட்டப்படி செல்லாததையும் வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு பக்கம், 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே அன்றைக்கு ஒரு தெளிவு பிறந்திருக்கவில்லை.

சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழ் என்ற தடையும் இருந்தது. மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்கிறவர், அந்தக் கருவி சட்டப்படி யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். மனைவியின் போன் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாது. எதற்கென்று கையெழுத்திடுவார்?

இருந்தாலும் சட்ட நுணுக்கத்தின் பின்னால் நான் ஒளிந்துகொள்ள விரும்பவில்லை. "கோர்ட்டு ஏத்துக்கலாம் தம்பி. ஆனா நான் தாக்கல் பண்ண மாட்டேன்" என்றேன். இது என் தனிப்பட்ட வீம்பு அல்ல. எதிர்த்தரப்புக்கு எதிராக முறைகேடான வழிகளில் இறங்கும் கட்சிக்காரரைத் தடுக்க வழக்கறிஞர் முயல வேண்டும், அவர் பிடிவாதமாக இருந்தால் வழக்கை விட்டு விலக வேண்டும் என்பது பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதி. சன்னது பெற்ற நாளில் எல்லோரும் ஏற்றுக்கொள்வதுதான். அதை நிறைவேற்ற வேண்டிய நாள் அபூர்வமாகத்தான் வருகிறது.

"அப்போ கட்டைக் கொடுங்க, நான் வேற வக்கீலைப் பாத்துக்கறேன்."

"தாராளமா. போறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க." அக்காவுக்குப் போன செய்திகளில் அத்தையைப் பற்றிய அந்த மூன்றை மட்டும் திரையில் காட்டினேன்.

மூன்று மாதமாக அவரிடமே இருந்தவைதான். அவர் அவற்றைப் படிக்கவே இல்லை. ஒரு ஆணின் பெயரைத் தேடியவருக்கு அது இருந்த வரிகள் மட்டும்தான் கண்ணில் பட்டன. இப்போது படித்தார். திரும்பவும் மேலே போய்ப் படித்தார்.

"அம்மா ஒண்ணும் சொல்லல மேடம்."

"உங்களுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும். உங்க மனைவிக்குத்தான் தெரியாது."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, கொஞ்ச நாளாக அம்மா தனியாக உட்கார்ந்தே சாப்பிடுகிறார், மூட்டு வலி என்று நினைத்தேன் என்றார். குழந்தை போன நாளில் கடைக் கணக்கை விரித்தது ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். அழுதால் நிறுத்த முடியாது என்று பயந்தாராம். கெட்ட மனிதர் இல்லை. கேட்கத் துணிவில்லாத கேள்விகளைக் கருவியிடம் கொடுத்துவிட்ட மனிதர். மனைவியிடம் கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார், அல்லது சொல்ல மறுத்திருப்பார். மறுக்கிற உரிமையை அந்தச் செயலி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

நான் இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். செயலியை உடனே நிறுத்த வேண்டும். தன் வாயால் மனைவியிடம் சொல்ல வேண்டும். இவை இரண்டும் நடக்காமல் கண்காணிப்பு தொடர்ந்தால், 126-ஆவது பிரிவின் விதிவிலக்கு எனக்குக் கொடுக்கிற வழியில் நான் போவேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அந்த வழியில் போக எனக்குத் துணிவு இருந்திருக்குமா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கட்சிக்காரரின் ரகசியத்தை உடைப்பது வக்கீலுக்குத் தன் கையைத் தானே வெட்டிக்கொள்வது போல. நல்லவேளை, அந்தச் சோதனை வரவில்லை.

அன்றே சந்தாவை நிறுத்தினார். போனிலிருந்து செயலியை எடுக்க அந்தப் போன் கையில் வேண்டும். ஒன்று, மறுபடியும் மனைவிக்குத் தெரியாமல் எடுத்து அழிக்க வேண்டும். இல்லையென்றால் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். பத்து நாள் தவித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மாவையும் உட்காரவைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

மனைவி சத்தம் போடவில்லையாம். போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் போனை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவர்கள் மறுபடி சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். சேரவில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசப் பேச்சு நடந்தது. மனைவி தமக்கு ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டார். குழந்தை போன துக்கத்தை, கணவரின் மௌனத்தை, சந்தேகத்தைக்கூட மன்னிக்க முடியும் என்றார். ஆனால் அந்த மூன்று மாதத்தில் தான் பேசிய ஒவ்வொரு சொல்லையும் இப்போது திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, புதுப் போனில் அக்காவிடம் பேசும்போதும் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது, இப்படி ஒரு வீட்டில் எப்படி இருப்பேன் என்றார். இதற்கு யாரிடமும் பதில் இல்லை. பரஸ்பர சம்மதத்தோடு பிரிவது என்று முடிவானது.

ஒப்பந்தத்தில் நகை, சீர்ப் பொருள், பணம் பற்றிய பத்திகள் வழக்கம்போல் எழுதப்பட்டன. கூடவே, அதுவரை நான் எழுதியிராத ஒரு பத்தியும் சேர்ந்தது. மனைவியின் போனிலிருந்து பெறப்பட்ட செய்திகள், ஒலிப்பதிவுகள், இட விவரங்கள் எதுவும் எந்த வடிவத்திலும் கணவரிடம் இல்லை, எங்கும் பயன்படுத்தமாட்டார் என்ற உறுதிமொழி. இரு தரப்பு வழக்கறிஞர்கள் முன்னிலையில் பென் டிரைவ் உடைக்கப்பட்டது. என் கணினியில் நகல் இல்லை என்று நானும் எழுதிக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்து எழும்போது அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட இருக்கறதை யார் மேடம் உடைப்பாங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு கடிதத்தைக் கொளுத்தினால் சாம்பலைப் பார்க்கலாம். பெயர் தெரியாத நாட்டில், முகம் தெரியாதவர்களிடம் போய்விட்ட ஒரு பெண்ணின் அழுகை அழிந்ததற்கு எந்தச் சாம்பலும் கிடையாது.

சட்டப்படி ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகுதான் மனு போட முடியும். நடுவில் கொரோனா வந்தது. 2021 தொடக்கத்தில் தீர்ப்பாணை கிடைத்தது. அன்று மாமியாரும் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். தாழ்வாரத்தில் தூணோரம் நின்றிருந்தவரிடம் அந்தப் பெண் நேராகப் போனார். "அத்தை, நீங்க சொல்லலைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். அந்த அம்மா, "நான் என்னத்தம்மா சொல்லப்போறேன்" என்று மட்டும் சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குமாஸ்தா நகல் மனுவுக்குக் கையெழுத்து வாங்க வரும்வரை விடவில்லை.

சில மாதங்களில், 2021 ஜூலையில், பெகாசஸ் வேவு மென்பொருள் பற்றிய செய்திகள் நாட்டை உலுக்கின. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் விசாரணைக் குழு அமைத்தது. அமைச்சர்கள், பத்திரிகையாளர்களின் போன்களைப் பற்றி நாடே பேசியது சரிதான். ஆனால் இரண்டாயிரம் ரூபாய்க்கு மொபைல் கடையில் இறங்குகிற பெகாசஸைப் பற்றி யாரும் பேசவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், ஸ்பைஃபோன் என்ற வேவுச் செயலி நிறுவனத்தையும் அதன் தலைவரையும் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே விலக்கிவைத்து, திருடிய தரவுகளை அழிக்கவும் உத்தரவிட்டது. பென் டிரைவை உடைத்த அன்று அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு ஓர் அரசு அமைப்பு பதில் சொன்னதை அப்போதுதான் பார்த்தேன். நம் நாட்டில் 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தனிநபர் ஒருவர் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகத் தரவைக் கையாண்டால் அது பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வீட்டுக்குள் நடக்கும் வேவு அந்த வாசலோடு நின்றுவிடுகிறது.

நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியோடு மல்லாடுகின்றன. 2024 அக்டோபரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மனைவியின் சம்மதமின்றிக் கணவர் பெற்ற அழைப்பு விவரங்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார். கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. அதைப் படித்த அன்று எனக்கு அந்த நீலப் புள்ளி நினைவுக்கு வந்தது. 2025 ஜூலை 14 அன்று, வேறொரு வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு, மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவுசெய்த பேச்சை விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்றது. தம்பதியர் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டால், அது ஏற்கெனவே உடைந்த உறவின் அறிகுறிதான் என்பது அதன் பார்வை.

அந்தத் தீர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. அடி வாங்குகிற ஒரு மனைவி, மிரட்டலைப் பதிவு செய்வதைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவளுடைய பதிவை நீதிமன்றம் கேட்டே ஆகவேண்டும். தன்னிடம் பேசப்பட்டதைப் பதிவு செய்வது ஒன்று. தான் இல்லாத இடத்தில் மற்றவர் பேசுவதையெல்லாம் வாரிக்கொண்டு வருவது வேறொன்று. இந்த வேறுபாட்டைச் சட்டம் இன்னும் கூர்மையாகச் சொல்ல வேண்டும். அதுவரை, "ஏற்கலாம்" என்ற தீர்ப்பை "செய்யலாம்" என்று மக்கள் படித்துவிடுவார்கள் என்பதுதான் என் பயம். வேவு, உடைந்த உறவின் அறிகுறி மட்டுமல்ல. அதுவே உறவை உடைக்கும், தொடர்பே இல்லாத மாமியாரையும் சேர்த்து உடைக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். நீதிமன்றத்துக்கு வழக்கு வந்துசேரும் நாளில் அந்தச் சேதம் முடிந்துபோயிருக்கும். எதைக் கேட்பது என்று நீதிபதி முடிவு செய்யலாம். எதைப் பார்ப்பது என்ற முடிவு அதற்கு வெகு முன்பே ஒரு வீட்டில், ஒரு மொபைல் கடையில், ஒரு வக்கீலின் அறையில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

அந்த மூன்றில் ஒன்று என் கையில் இருக்கிறது. இப்போதும் மாதத்துக்கு ஒருவராவது பென் டிரைவோடு வருகிறார்கள். ஆண்களும் வருகிறார்கள், பெண்களும் வருகிறார்கள். அதைத் தொடுவதற்கு முன்பு, "இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு, அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறேன். பதில் கிடைக்கும்வரை அதை என் கணினியில் செருகுவதில்லை. என் ஜூனியர்களுக்கும் நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.